பத்து தூஜோவில் பெரட்டு

முதல் ரயில் ஐந்து ஐம்பதுக்கு. அமிர்தலிங்கம் ஐந்து முப்பத்தைந்துக்குள் தன் இடத்தில் நின்றாக வேண்டும். பிந்தினால் பதறிவிடுவார். பிறகு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் நாலே முக்காலுக்கு எழுப்பி, முகம் துடைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டு, பின்பட்டி வைத்த செருப்பை மாட்டிக் கூட்டிப் போவேன். எனக்கு அறுபத்தொன்பது வயது, அவருக்கு எண்பத்திரண்டு. அடுக்குமாடியிலிருந்து ரயில் நிலையம் மற்றவர்களுக்கு ஏழு நிமிடம். எங்களுக்கு இருபது.

அவர் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடம் மண்டோர். பால் மரம் வெட்டுகிறவர்களை விடியுமுன் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, அவரவர் மர வரிசைக்கு, அதாவது நெரைக்கு, அனுப்புவது மண்டோரின் வேலை. அதற்குப் பெரட்டு என்று பெயர். ரப்பர் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்தது. செம்பனையும் போய், நிலத்தைத் துண்டு போட்டு விற்றபின் கொமுட்டர் ரயில் நிலையம் வந்தது. பலகையில் 'பத்து தூஜோ' என்று இருக்கிறது. மலாயில் அதுவும் ஏழாங்கட்டைதான், ஏழாவது மைல். பெரட்டுக் களத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

நான் பெடாஸ் பக்கம் வேறொரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் உதவியாளாக ஆரம்பித்து, பிறகு முதியோர் பராமரிப்புப் பயிற்சி முடித்தவள். அமிர்தலிங்கத்தின் மகள் மோகனா இரண்டு வருடத்துக்கு முன் என்னை வேலைக்கு அழைத்தாள். அவளுக்கு நாற்பத்தாறு வயது, கல்யாணம் இல்லை. காஜாங்கில் ஒரு பல் கிளினிக்கில் முகப்பு வேலை. முதல் ரயிலில் போய் ராத்திரி ஏழரைக்குத் திரும்புவாள். மறதி நோய் வந்த அப்பாவைப் பகலில் பார்க்க ஆள் வேண்டும். வீட்டிலேயே ஓர் அறை கொடுத்தாள். என் பெயர் அந்தோனியம்மாள். மோகனா ஆன்ட்டி என்பாள். அவர் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்து, நர்ஸ் என்று நினைத்து, மிஸி என்பார். நான் திருத்துவதில்லை.

நிலையத்துக்கு வாசல் ஒன்றுதான். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் அடுக்குமாடி, தோட்டம் மூடியபோது சனங்களுக்குக் கொடுத்தது. அதை ஒட்டித் தொழிற்சாலை ஆட்களின் ஹாஸ்டல். இந்தப் பக்கத்துக்காரர்கள் நடைபாலம் ஏறி, அந்தப் பக்கம் முப்பத்திரண்டு படி இறங்க வேண்டும். அந்தப் பக்கம் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு. அங்குள்ளவர்கள் காரைப் போட்டுவிட்டு வருவார்கள். செண்டாயான் பஸ்ஸும் அங்கேதான் ஆளை இறக்கும். எல்லோரும் டிக்கெட் கதவுக்கு முன்னால் ஒரு தூணைத் தாண்டிப் போக வேண்டும். அந்தத் தூண்தான் அமிர்தலிங்கத்தின் இடம். படிக்கட்டின் குழல் விளக்கு வெளிச்சம் நேராக அவர் முன்னால் விழும்.

அங்கே நின்று பேர் கூப்பிடுவார். தாமான்காரர்களையும் ஹாஸ்டல்காரர்களையும் அவருக்குத் தெரியாது, அவர்களை விட்டுவிடுவார். அடுக்குமாடிச் சனம் முப்பது பேர் இருக்கும். அப்பாக்களையும் அம்மாக்களையும் வேலை வாங்கியவர், பிள்ளைகளைச் சின்னதிலிருந்து தெரியும். சற்றுமுன் என்ன சாப்பிட்டார் என்பது மறந்துபோகும், ஆனால் இந்தப் பேர்கள் மறக்கவில்லை. ஒருவர் படியில் கால் வைத்ததும் பார்ப்பார். கடைசிப் படிக்கு வரும்போது பேர் வரும். சத்தம் கிடையாது, பக்கத்தில் பேசுகிற குரல்தான்.

முதலில் எல்லோருக்கும் விளையாட்டு. "வந்துட்டேன் மண்டோரே" என்று சலாம் வைத்துப் போவார்கள். பாதுகாவலர் டொனால்ட் அவர் முன்னால் விறைத்து நின்று, "தாத்தா, எனக்கு இன்னிக்கு எந்த நெரை? பக்கத்துலயே போடுங்கலா" என்பான். "நீ வெட்டுனா மரம் செத்துரும், போ" என்பார் அவர். கொஞ்ச நாளில் அது பழக்கமாகிவிட்டது. பேர் கேட்காமல் ரயில் ஏறினால் ஏதோ குறை மாதிரி இருக்கிறது என்று விமலா என்னிடமே சொன்னாள். விமலா பள்ளிக்கூட கேண்டீனில் வேலை செய்தவள்.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை அவர் சுகுமாறனைக் கூப்பிடவில்லை. சுகுமாறனுக்கு ஐம்பத்தொரு வயது, நீலாயில் ஸ்டோர் வேலை, வாய் ஓயாத ஆள். தூணுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

"என்ன மண்டோரே, என்னைய வுட்டுட்டீங்க? எங்கப்பா கடன் ஏதும் வச்சுட்டுப் போனாரா?"

அமிர்தலிங்கம் அவன் தோளுக்கு மேலாகப் பார்த்து அடுத்த பேரைக் கூப்பிட்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சுகுமாறனும் சிரித்துக்கொண்டே போனான். செவ்வாயும் கூப்பிடவில்லை, புதனும் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை சுகுமாறன் ரயிலில் உட்கார்ந்தபடியே இறந்துபோனான். தொப்பி முகத்தை மூடியிருந்ததால் தூங்குகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நீலாயில் இறங்கவில்லை. ரயில் கடைசி நிலையம்வரை போய்த் திரும்பியது, அவனும் கூடவே திரும்பினான். பத்து தூஜோவைத் தாண்டும்போது எங்கள் சனம் ஒருத்தி பிளாட்பாரத்திலிருந்து அவனுக்குக் கை காட்டியிருக்கிறாள்.

மே மாதம் விமலாவின் பேர் வரவில்லை. அவள் சிரிக்கவில்லை. மூன்று நாள் தூணுக்கு முன்னால் ரயில் வரும்வரை நின்று பார்த்தாள். "நான் விமலா, மண்டோரே. முனியம்மா மக" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டாவது வாரம் கேண்டீனில் சாதம் வடிக்கும்போது விழுந்தாள். உயிர் இருக்கிறது. அம்பாங்கானில் மகன் வீட்டில் இருக்கிறாள். இடக் கை, இடக் கால் வராது.

அதற்குப் பிறகு நிலையத்தில் காலை நேரம் மாறிவிட்டது. சலாம் நின்றது. பாலத்தில் பேச்சு நின்றது. முப்பது பேர் படியிறங்கும் செருப்புச் சத்தமும், நடுவில் அவர் குரலும் மட்டும் கேட்கும். பேர் விழுந்ததும் ஆளாளுக்கு ஒரு மூச்சு விடுவார்கள், விறுவிறுவென்று போவார்கள். சிலர் அந்த வழியே வேண்டாம் என்று கம்பிவேலி பிய்ந்த இடத்தில் புகுந்து தண்டவாளத்தைக் கடந்தார்கள். இருட்டில், விரைவு ரயில் போகிற பாதையில்.

டொனால்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "ஆன்ட்டி, சனங்க எழுதிக் குடுக்கப் போறாங்க. தாத்தாவ இங்க நிக்க விடக் கூடாதுன்னு. அவரு வாயில எமன் இருக்கானாம்."

"அவர் வாயில் ஆறு பல் இருக்கிறது. நான்தான் விளக்கிவிடுகிறேன்" என்றேன்.

ஆனால் எனக்கும் பயம்தான். அதை மறைத்துப் பயனில்லை.

ஜூலை எட்டாம் தேதி மோகனா படியிறங்கி வந்தாள். தோளில் சாப்பாட்டுப் பை. அவளுக்கு முன்னால் வந்தவரை அவர் கூப்பிட்டார். பின்னால் வந்தவரையும் கூப்பிட்டார். நடுவில் மகள் வந்த இடத்தில் குரல் இல்லை.

"அப்பாவுக்கு மக பேரு மறந்துபோச்சு ஆன்ட்டி" என்று மோகனா சிரித்தாள். டிக்கெட் அட்டையை எடுக்கும்போது அது நழுவிக் கீழே விழுந்தது. சுற்றி நின்ற சனம் நகர்ந்து வழிவிட்டது. யாரும் குனிந்து எடுத்துக் கொடுக்கவில்லை.

பேர் மறக்கவில்லை. அன்று ராத்திரி அவள் வந்ததும், "மோகனா, தேத்தண்ணி போடுமா" என்றார். மறுநாள் காலை மறுபடி கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி மோகனா சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

"லீவு போடு" என்றேன்.

"அப்பா பேரக் கூப்பிடலேன்னு எம்சி லெட்டர் கேக்கவா? டாக்டரு என்ன எழுதுவாரு?"

அது சரிதான்.

பராமரிப்பு வேலையில் ஒரு பாடம் உண்டு. மறதிக்காரர் ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால், அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருக்கும், அதைக் கேள். எனக்கு அது தெரியும். ஆனாலும் நான்கு மாதமாகக் கேட்கவில்லை, ஏனென்றால் பதிலுக்குப் பயந்தேன். மறுநாள் காலை நிலையத்திலிருந்து திரும்பியதும் பசியாறக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒன்பதிலிருந்து பத்துவரை அவர் தெளிவாக இருப்பார்.

"மண்டோரே, பெரட்டுல யாரு பேரக் கூப்பிட மாட்டீங்க?"

ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டே சொன்னார். "சீக்காளிய எப்படிக் கூப்பிடுறது மிஸி? கூப்பிட்டா நெரைக்குப் போயிருவா. அப்பறம் மரத்தடியில விழுந்து கெடப்பா. பேரு வராத ஆளு ஓரமா நிக்கணும். ஏழு மணிக்கு டிரெஸர் வந்து பாப்பாரு."

டிரெஸர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலும் ஏழு மணிக்கு அப்படி ஒரு சின்ன வரிசை வந்து நிற்கும். காய்ச்சல், கால் வீக்கம், பிள்ளைத்தாய்ச்சி. நான் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருப்பேன். அவர்களை அங்கே அனுப்பியது யார், எப்படிப் பொறுக்கி எடுத்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அடுக்குமாடியில் இப்போது ரயில் ஏறுகிறவர்கள் அந்தக் காலத்தில் விடியுமுன் பாயில் தூங்கிய பிள்ளைகள். அவர்களுக்கும் தெரியாது. பேர் வராதவர்கள் ஓரமாக நிற்க வேண்டியவர்கள். எல்லோரும் ரயிலில் ஏறிப் போய்விட்டார்கள்.

"சீக்குன்னு எப்படித் தெரியும்?"

"காலப் பாக்கணும். ஆளு வாயில பொய் சொல்லும், நல்லாருக்கேன்னு சொல்லும். காலு பொய் சொல்லாது." ரொட்டியைக் கீழே வைத்தார். "ஒரு தடவ பாக்காமக் கூப்பிட்டுட்டேன். மழைக்கு முன்னாடி முடிக்கணும்னு அவசரம்."

யாரை என்று நான் கேட்கவில்லை. மோகனாவின் அம்மா மரத்தடியில் விழுந்து செத்துப்போனாள் என்று மோகனா சொல்லியிருக்கிறாள். அப்போது இவளுக்கு நாலு வயது.

சுகுமாறனை நினைத்துப் பார்த்தேன். கடைசி வாரம் படியில் இரண்டு இடத்தில் நின்று, மோட்டார் சாவியைத் தேடுகிற மாதிரி நெஞ்சைத் தடவினான். விமலாவின் இடக் கால் செருப்பு ஒரு நாள் படியிலேயே தங்கிவிட்டது. அவள் வெறுங்காலோடு தூண்வரை நடந்து வந்தாள், அவளுக்குத் தெரியவில்லை. நானும் பார்த்தேன். பயிற்சி முடித்தவள் நான். பார்த்துவிட்டுச் செருப்பை எடுத்துக் கொடுத்தேன்.

அன்று பகல் முழுக்க மோகனாவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. ராத்திரி ஓவர்டைம் முடித்து அவள் வரும்போது அவருக்கு வயிற்றுப்போக்கு. அவரைக் கழுவித் துடைத்து, விரிப்பு மாற்றி முடிப்பதற்குள் அவள் கதவைச் சாத்திப் படுத்துவிட்டாள். எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை.

காலையில் நாங்கள் வழக்கம்போல் அவளுக்கு முன்னால் போய் நின்றோம். இந்த முறை நான் முகங்களைப் பார்க்கவில்லை, படியைப் பார்த்தேன். மோகனா வந்தாள். இடது கால் ஒரு படி, வலது கால் அதே படிக்கு வந்து சேர்ந்துகொண்டது. மறுபடி இடது கால். சின்னப் பிள்ளை இறங்குகிற மாதிரி. முப்பத்திரண்டு படியும் அப்படித்தான்.

அவர் கூப்பிடவில்லை.

நான் டிக்கெட் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். "காலைக் காட்டு."

"ஆன்ட்டி, வுடுங்களேன். டிரெயின் வந்துருச்சு."

வந்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் நகர்வது தெரிந்தது. நான் அங்கேயே குனிந்து அவள் கால்சட்டையைத் தூக்கினேன். இடது கெண்டைக்கால் பளபளவென்று உப்பியிருந்தது. வலது கால் சாதாரணம். தொட்டால் இடது கால் மட்டும் சூடு.

"எத்தனை நாளா?"

"ஒரு வாரமா. ரெண்டு பக்கமும் ஒன்றரை மணி நேரம் உக்காந்தே போறேன்ல. தசை புடிச்சிருக்குது, வேறென்ன?"

"இது தசை இல்லை. ரத்தம் உறைந்திருக்கிறது. நெஞ்சுக்கு ஏறினால் சுகுமாறன் மாதிரி உட்கார்ந்தபடியே திரும்பி வருவாய். ஓரமா நில்லு. காலைத் தேய்க்காதே."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தூணின் இடது பக்கம் கையைக் காட்டினார். அங்கே போய் நின்றாள். கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. ரயில் கிளம்பியபோது அவள் அழ ஆரம்பித்தாள். டொனால்ட் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான்.

சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். தொடைவரை உறைந்திருந்தது. இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எட்டு நாள் வார்டு, ஐந்து வாரம் வீடு, ஆறு மாதம் மாத்திரை.

அவள் வார்டில் இருந்தபோதும் நாங்கள் தினமும் நிலையத்துக்குப் போனோம். மூன்றாம் நாள் அவர் பேர் கூப்பிட்டு முடித்துவிட்டு, தூணின் இடது பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேரு நிக்கிறாங்க மிஸி. டிரெஸர் இன்னும் வரல."

அங்கே யாரும் இல்லை. மழைத் தண்ணீர் தேங்கிய சிமெண்டுத் தரைதான்.

"சுகுமாறனுக்கு வேர்த்துக் கொட்டுது. உக்காரச் சொல்லு."

மறதிக்காரரோடு வாதாடக் கூடாது என்பது விதி. "உட்காரு சுகுமாறன்" என்றேன். டொனால்ட் அதைக் கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"இன்னொருத்தி யாரு மண்டோரே? விமலாவா?"

"விமலா இல்ல. இது பழசு. ரொம்ப நாளா நிக்குது."

அவரைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பசியாறக் கொடுத்தேன். அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

சனங்களுக்கு விஷயத்தை நான்தான் சொன்னேன். பேர் வராவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள், அவ்வளவுதான் என்றேன். சிலர் நம்பினார்கள். சிலர் தலையை ஆட்டிவிட்டுக் கம்பிவேலி வழியாகவே போனார்கள். எழுதிக் கொடுப்பதாக இருந்த மனு மட்டும் நின்றது.

ஆகஸ்டு கடைசியில் மோகனா வேலைக்குத் திரும்பினாள். கிளினிக்கில் அதற்கு மேல் இடம் வைத்திருக்க மாட்டார்கள். முதல்நாள் ராத்திரி இரண்டு காலையும் அளந்து பார்த்தேன். ஒரே அளவு. "நாளைக்குக் கூப்பிடுவாருல்ல ஆன்ட்டி?" என்றாள். "கால் சரியாகிவிட்டது, கூப்பிடுவார்" என்றேன். "கூப்பிடலேன்னா நான் ஏற மாட்டேன்" என்றாள். வேலை போனாலும் பரவாயில்லையாம்.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அன்று கம்பிவேலி வழியாக யாரும் போகவில்லை. முப்பது பேரும் பாலத்தில் வந்தார்கள். மோகனா முதல் ஆளாக இறங்கினாள். கால் மாற்றிக் கால் வைத்து, சரியான நடை. கடைசிப் படி. தூண்.

அவர் கூப்பிடவில்லை.

அவள் தானாகவே இடது பக்கம் போய் நின்றாள். அடுத்தவர் வந்தார், அவருக்கும் பேர் வரவில்லை. அவர் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மூன்றாவது, நான்காவது. ஒரு பேரும் வரவில்லை. ஒவ்வொருவராக வந்து, காத்திருந்து, இடது பக்கம் சேர்ந்தார்கள். தாமான்காரர்களும் ஹாஸ்டல்காரர்களும் என்னவென்று தெரியாமல் நின்றுவிட்டார்கள். ரயில் வந்தது. கதவு திறந்தது, யாரும் ஏறவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். கதவு மூடி, ரயில் போயிற்று.

நான் அதுவரை கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை பேர் காலும் நன்றாக இருந்தது. அப்புறம்தான் திரும்பி அவரைப் பார்த்தேன். பெரட்டில் மண்டோரை யாரும் பார்ப்பதில்லை.

வாய் வலது பக்கம் இறங்கியிருந்தது. எச்சில் சட்டைமேல் ஒழுகியிருந்தது. வலது கை தொங்கியது. கண் மட்டும் மோகனாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தூணில் சாய்ந்திருந்ததால் விழவில்லை.

"டொனால்ட், ஆம்புலன்ஸ்" என்றேன். "மோகனா, தலையைப் பிடி. உனக்கு ஒன்றுமில்லை. அவருக்குத்தான்."

சீக்கிரம் கொண்டுபோனதால் பிழைத்தார். பேச்சு திரும்பவில்லை, திரும்பாது என்றார்கள். மோகனாவுக்குக் கிளினிக்கில் இரண்டு நாள் லீவு கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவள் பேர் கேட்காமல் ரயில் ஏறினாள். இப்போது காலையில் உடுத்தியதும் கால்சட்டையை இரண்டு பக்கமும் முழங்கால்வரை தூக்கி என்னிடம் காட்டுவாள். பார்த்துவிட்டு, "போ" என்பேன்.

அவரை வீட்டிலேயே வைத்திருந்து பார்த்தோம். காலை ஐந்து முப்பத்தைந்தானால் இடது கையால் கட்டிலைத் தட்ட ஆரம்பித்துவிடுவார். அதனால் சக்கர நாற்காலியில் கூட்டிப் போகிறேன். பாலத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி பிரேக் போடுவேன். சனங்கள் படியிறங்கி, அவர் முன்னால் நடையைக் குறைத்துப் போகிறார்கள். கண் ஒரு ஆளை விட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்தால் பேர் கூப்பிட்ட மாதிரி. ஒருவர்மேல் நின்றுவிட்டால் அவர் அன்றைக்கு ரயில் ஏறுவதில்லை. சென்ற மாதம் ஒருத்தருக்குச் சர்க்கரை இருபத்தொன்று இருந்தது, ஏழுக்குள் இருக்க வேண்டியது.

மோகனாவிடம் கண் நகர்ந்துவிடுகிறது. தினமும் நகரும்வரை நின்றுவிட்டுத்தான் போவாள்.

எல்லோரும் போனபிறகு அவர் கண் தூணின் இடது பக்கம் போய் நிற்கும். அங்கே யாரும் இருப்பதில்லை. நான் ஒரு நிமிடம் விட்டு, பிரேக்கை எடுத்து, நாற்காலியை வலது பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருகிறேன். இடது பக்கம்தான் லிஃப்டுக்குக் கிட்ட.